எதிர்வீட்டுத் தோரணம்

பேக்கரிக்காரி காலையில் முதல் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்ததும், வழக்கம்போல் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ரொட்டி மணக்கவில்லை. வாசல்தான் நாறியது. செத்த நத்தையின் நாற்றம் மூக்கோடு நிற்கிற ஜாதியில்லை. தொண்டைக்குள் இறங்கி நாக்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிப்போய்க் காறித் துப்பினாள்.

நாற்றத்துக்குக் காரணம், கடைவாசலின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தொங்கிய தோரணம். சிப்பியும் நத்தைக்கூடுமாகக் கோர்த்து, மேலே தங்க நிறம் அடித்திருந்தது. எதிர்வீட்டு நாத்தனார், அதாவது அவள் கணவரின் அக்கா, தன் கையால் கோர்த்துக் கொண்டுவந்து மாட்டியது. எல்லாம் உயிரோடு பொறுக்கி, கழுவாமல், கொதிக்க வைக்காமல், உள்ளே சதையோடு அப்படியே கோர்த்த கூடுகள். மாட்டிய அன்றைக்கு அதில் ஒரு நத்தைக்கு உயிர்கூட இருந்தது. தங்கப் பூச்சோடு அது கதவில் ஊர்ந்து இறங்கியதைப் பார்த்ததிலிருந்து பேக்கரிக்காரிக்கு அந்த நிறத்தைக் கண்டாலே குமட்டியது.

கழற்றி எறிய வேண்டியதுதானே என்றால், அங்கேதான் அந்தத் தெருவின் கிறுக்குத்தனம் குறுக்கே வந்து நின்றது. பழைய துறைமுகச் சுவருக்குப் பின்னால் இருக்கும் தெரு அது. எதிரெதிரே இரண்டு வரிசைக் கல்வீடுகள். வருடக் கடைசி விடுமுறை வந்தால் யாரும் தன் வாசலைத் தானே அலங்கரிக்கக் கூடாது. எதிர்வீட்டார் தோரணம் செய்துகொண்டு வந்து மாட்டுவார்கள். விடுமுறை முடிந்ததும் மாட்டியவர்களே வந்து கழற்றுவார்கள். நடுவில் வீட்டுக்காரர் கை வைத்தால், உன் சங்காத்தமே வேண்டாம் என்று நடுத்தெருவில் நின்று கத்தியதற்குச் சமம். சுற்றுலாக் கூட்டத்தைக் கூட்டி வரும் வழிகாட்டி இதை மாலுமிகள் காலத்து அன்பு வழக்கம் என்று உருகி உருகிச் சொல்வான். எதிர்வீட்டுக்காரனைத் திட்ட முடியாதவர்கள் அவன் வாசலில் அசிங்கத்தை மாட்டிவிட்டுப் போகக் கண்டுபிடித்த வழி என்பது பேக்கரிக்காரியின் கட்சி.

அந்த விடுமுறைக் கூத்தே அவளுக்கு ஆகாது. இரும்பு பீரங்கியின் வாயில் கலர் பல்பு. கலங்கரை விளக்கத்துக்குப் பஞ்சுத் தாடி. சுங்க மாளிகை வாசலில் திமிங்கில உடுப்புக்குள் வேர்த்து வழிந்துகொண்டு ஒருவன் எல்லாரையும் கட்டிப்பிடித்தான். பழைய ஊராம், பெருமையாம். இவ்வளவு அலங்காரத்துக்கும் கீழே சாக்கடை மட்டும் அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் இந்த வருடம் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. காரணம் கணவர். ஊருக்கே அவர் பெயர் சமாதானம். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். அதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொன்னால் "இதுவும் சரிதான்" என்பார். அவருக்கும் அக்காவுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா இறந்தபின் அம்மாவின் பீரோ யாருக்கு என்பதில் ஆரம்பித்து, பீரோவைக் கறையான் தின்று தீர்த்த பிறகும் சண்டை மட்டும் திடமாக இருந்தது. சண்டை போட்டது அவரில்லை. அக்காவும் மனைவியும் போட்டார்கள்; அவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். அத்தனை வருடமும் அந்த இரண்டு வாசல்கள் மட்டும் மொட்டையாக இருந்தன. அவற்றுக்கும் அந்த வழிகாட்டி ஏதோ கொள்ளைநோய்க் கதை கட்டிவிட்டிருந்தான்.

இந்த வருடம் சமாதானத்துக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கும்போதே அக்கா நம்ம வீட்டுப் படி ஏறணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார். பேக்கரிக்காரியும் மனசு கரைந்து, விடுமுறை தொடங்கிய அன்று பரணில் கிடந்த ஒரு பெட்டியிலிருந்து துணிப்பூத் தோரணம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்தது, பிரிக்காமலே கிடந்தது. புள்ளி போட்ட நீலத் துணியில் வெட்டித் தைத்த பூக்கள். அந்த நாத்தனாருக்கு இது போதும் என்று நினைத்தாள். தான் போகாமல், கணவரிடம் கொடுத்தனுப்பினாள். அவர் அதைக் கையில் வாங்கியபோது விரல்கள் நடுங்கின. ஆபரேஷன் பலவீனம் என்று அவள் ஒரு டம்ளர் பால் ஆற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் எதிர்வீட்டிலிருந்து இந்தச் சிப்பிப் பிணம் வந்தது. நாத்தனார் படி ஏறவில்லை. ஏணியைத் தெருவிலேயே சாய்த்து, மாட்டி, இறங்கி, "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாலாம் நாள், ரொட்டி மணக்காத அந்தக் காலையில், கடைக்கு வந்தவர்களின் நடிப்பு பேக்கரிக்காரிக்கு நாற்றத்தைவிடத் தாங்க முடியாததாக இருந்தது. தையல்காரம்மா மூச்சை அடக்கிக்கொண்டு, "எவ்ளோ அழகு!" என்று சொல்லி, பன் வாங்காமலே நழுவினாள். விழாக் குழுத் தலைவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதுபோல் பொத்திக்கொண்டு, "இயற்கைப் பொருள்ல செஞ்சது... இதுதான் நம்ம பாரம்பரியம்" என்றார். வழிகாட்டி தன் கூட்டத்தை வாசலில் நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, "இதாங்க அசல் கடல் வாசனை" என்றான். கூட்டமும் பாவம், காசு கொடுத்து வந்த பாவத்துக்கு அதை ஆழமாக இழுத்து உள்ளே வாங்கிக்கொண்டது. கடைசியில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, முந்தின நாள் வாங்கிய கேக்கைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கேக்ல ஏதோ... செத்த வாடை அடிக்குது. குழந்தை வாயிலயே வைக்கல."

பேக்கரிக்காரிக்கு முகம் சுட்டது. கடை வைத்த நாளிலிருந்து ஒரு ரொட்டித் துண்டுகூடத் திரும்பி வந்ததில்லை. வேறு கேக் கட்டிக் கொடுத்து டீச்சரை அனுப்பிவிட்டு உள்ளே போனாள். சமாதானம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

"கடல் காத்தும்மா. திசை மாறியிருக்கு."

"கடல் காத்தா? வாசல்ல பொணம் தொங்குது!"

"அக்கா அவசரத்துல கழுவ மறந்திருப்பா."

"மறப்பாங்களா? சிப்பியும் சங்கும் வித்தே வீடு கட்டினவங்க. தூக்கத்துல எழுப்பிவிட்டாக்கூட சதையை எடுத்துடுவாங்க. வேணும்னே பண்ணியிருக்காங்க!"

"அப்படியும் இருக்கலாம்" என்றார் சமாதானம், பிஸ்கட்டின் நனைந்த நுனி பாலுக்குள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு. "இருந்தாலும் வாயைத் திறக்காதம்மா. இப்பதான் மாட்டியிருக்கா. லீவு முடியட்டும். எனக்காக."

எனக்காக என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் நெஞ்சில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டார். இத்தனை வருட வாழ்க்கையில் அவரைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்ததுண்டு, சிரிப்பு வந்ததுண்டு. அருவருப்பு அன்றைக்குத்தான் வந்தது. ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தேயிருந்தது. மேலே அவள் கொடுத்தனுப்பிய நீலத் துணித் தோரணம், ஒரு சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. உள்ளே சோப்பு வாசனை. நாத்தனார் தரையில் உட்கார்ந்து, விற்பனைக்குப் போகவேண்டிய சிப்பிகளைத் தகரத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் பால் பல்லைப்போல் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் பேக்கரிக்காரிக்கு மிச்சமிருந்த மரியாதையும் போனது.

"அண்ணி, உங்க தோரணம் நாறுது. வேணும்னே பண்ணினீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஆமா" என்றாள் நாத்தனார், தலையை நிமிர்த்தாமல். "வேணும்னேதான்."

இதைப் பேக்கரிக்காரி எதிர்பார்க்கவில்லை. மழுப்புவாள், அழுவாள், தம்பியைக் கூப்பிடுவாள் என்றெல்லாம் யோசித்து அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். ஆமா என்பதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

"அப்படி நான் என்ன பண்ணிட்டேன் உங்களுக்கு? நான்தானே முதல்ல தோரணம் அனுப்பினேன்?"

"அனுப்பினே." நாத்தனார் சிப்பியைக் கீழே வைத்தாள். "வாசல்ல தொங்குதே, அது யார் செஞ்சதுன்னு தெரியுமா?"

"யாரோ... குடுத்தது."

"யாரோ இல்ல. நான் செஞ்சது. அம்மா இறந்த வருஷம். சண்டை வந்த மறு மாசம். பீரோவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், பேசிக்கலாம்னுதான் ராத்திரி பகலா உக்காந்து தெச்சேன். அம்மா போட்டிருந்த துணியை வெட்டித் தெச்சேன். பெட்டியில வெச்சு உன் கையில குடுத்தேன். நீ வாங்கி உள்ள வெச்சுட்டு கதவைச் சாத்தினே. மாட்டக் கூப்பிடுவியான்னு லீவு முடியறவரைக்கும் இந்த ஜன்னல்லயே உக்காந்திருந்தேன்." அவள் குரல் உடையவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "கூப்பிடலை. சரி, கோபம், போகட்டும்னு விட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு அதையே தூசி தட்டி எனக்கே குடுத்தனுப்புறே. பிரிச்சுக்கூடப் பாக்கலைல்ல நீ?"

பேக்கரிக்காரி வாசலைத் திரும்பி அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். கடையில், கல்லாவுக்கு மேலே மாமியாரின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் எடுத்த படம். அதில் மாமியார் போட்டிருந்த உடுப்பெல்லாம் புள்ளி. தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவள் அவள்தான். அவள் கையே அவளுக்கு இப்போது நாறுவதுபோல் இருந்தது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டே, உனக்கு ரோஷம் ஜாஸ்தி." நாத்தனார் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அவனுக்குத் தெரியுமே. அம்மா மடியில கிடந்து பழகின துணி. நான் இஸ்திரி போட்டுக் குடுத்ததும் படியில நின்னு அதைத் தடவிப் பாத்து மாட்டினான். கண்ணு கலங்கினான். ‘என்னடா’ன்னு கேட்டேன். ‘நல்லாயிருக்கு அக்கா’ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டான்."

அந்த நடுக்கம், ஆற்றிக் கொடுத்த பால், எல்லாம் பேக்கரிக்காரிக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. தோரணத்தைக் கையில் வாங்கும்போதே, "வேணாம்மா, இது அக்கா செஞ்சது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் யாராவது சத்தம் போடுவார்கள். சத்தம் அவருக்கு ஆகாது.

அவள் விறுவிறுவென்று தெருவைக் கடந்து, கடையின் மர ஸ்டூலைப் போட்டு ஏறி, தோரணத்தை இரண்டு கையாலும் கழற்றினாள். பட்டப்பகல். தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டாள். வழிகாட்டி பேச்சை நிறுத்தினான். திமிங்கிலம்கூடத் தலையைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தது. சங்காத்தம் முடிந்தது, பதினோரு வருடம் மறுபடி ஆரம்பம் என்று தெரு முழுக்க மனசுக்குள் எழுதிக்கொண்டது. தோரணத்திலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகி அவள் முழங்கைவரை இறங்கியது. அவள் அதைக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோகவில்லை. எதிர்வீட்டுப் படிக்கட்டில் கொண்டுபோய்ப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, தலையிலிருந்த ஊசியை உருவி, முதல் நத்தைக்கூட்டைக் குடையத் தொடங்கினாள்.

வந்த கொழகொழப்பைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. தலையைத் திருப்பி உமட்டிவிட்டு, இரண்டாவதை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் ஒரு பானை கொதிநீரை விளிம்பில் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து படியில் வைத்தாள்.

"பச்சையா குடைஞ்சா வராது. ஊற வெச்சுட்டு எடு" என்று முறைத்தாள். பிறகு மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "சே! நானே இவ்ளோ நாறும்னு நினைக்கல."

"கழுவி முடிச்சதும் நீங்கதான் வந்து மாட்டணும். ஏணி வேணாம். உள்ள வந்து, ஸ்டூல் போட்டு."

"பாக்கலாம்."

"அந்தப் படத்தையும் வந்து பாருங்க. புள்ளி நல்லாத் தெரியும்."

நாத்தனார் கூடுகளை வேகமாகத் தண்ணீரில் போட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் மாறி மாறிக் குடைந்தார்கள், மாறி மாறி உமட்டினார்கள். அப்போது எதிர்வாசலில் சமாதானம் வந்து நின்றார். மொட்டையான கதவைப் பார்த்தார், படியில் சேர்ந்து உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைப் பார்த்தார். முகம் மலர்ந்து, நெஞ்சில் கை வைத்தபடி மெல்லத் தெருவைக் கடந்து வந்தவர், பானைக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"அப்பப்பா! என்ன இங்க இப்படி நாறுது?"

அக்காவும் தலையை நிமிர்த்தவில்லை, மனைவியும் நிமிர்த்தவில்லை.

"நீதான்" என்றாள் அக்கா.

சமாதானம் தன் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.