கறுக்காத வட்டம்

1
இந்தக் கதை என் மச்சான் வாயிலிருந்து வந்தது. அவன் வாயில் வருவதில் பாதி பொய், மீதி நுண்ணோக்கி. பொய்யை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

2
தொடக்கம்: ‘ஆய்வகத்தின் இருளில் அவர் தன்னந்தனியாக…’

வேண்டாம். பட்டப்பகல். மச்சானின் மேலதிகாரியான ஆய்வாளர், ஒரு பள்ளிக்கூட உட்கூரையிலிருந்து பெயர்த்த துணுக்கில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் அது மூச்சோடு போய் நுரையீரலைத் தின்னும். அந்தக் கூரையின் கீழ் பாடம் நடத்துபவள் அவர் மனைவி.

இந்த நுண்ணோக்கியில் ஒளியை வடிகட்ட மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு. இரண்டும் சரியாகக் குறுக்கே நின்றால் பார்க்கும் வட்டம் கறுத்துவிடும், நார் மட்டும் வெளுப்பாகத் தெரியும். அவருடைய வட்டம் சாம்பலாக இருந்தது. சாம்பலில் வெளுப்பைத் தேடினார். கீழ்த் தகட்டைச் சற்றுத் திருப்பினால் போதும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித்தருபவரே அவர்தான்.

[அடிக்குறிப்பு: ‘இருளில்தான் உண்மை ஒளிரும்’ என்று ஒரு வரி வந்தது. துரத்திவிட்டேன். வேறு யாராவது எழுதிக்கொள்வார்கள்.]

3
மனைவி போன் செய்தாள்.

“பாத்தாச்சா?”

“பாத்தாச்சு. ஒண்ணுமில்ல.”

“ஒண்ணும் இல்லையா, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?”

“எத்தனை வருஷமா இதைப் பண்றேன்!”

“எத்தனை வருஷமா மூக்குல கண்ணாடியை வச்சுக்கிட்டே கண்ணாடியைத் தேடுறீங்க! கூரையிலேர்ந்து ஏன் டீச்சர் மாவு கொட்டுதுன்னு புள்ளைங்க கேக்குது. என்ன சொல்ல?”

“குடை பிடிக்கச் சொல்லு.”

அவள் வைத்துவிட்டாள்.

(இந்த ஆளை நல்லவராக்க ஒரு பத்தி எழுதினேன். அவரே அதைப் படித்தால் சிரிப்பார். அடித்துவிட்டேன்.)

4
துணுக்கை எடுத்து ஓரமாக வைத்தார். மனச்சாட்சி என்பார்கள் விமர்சகர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகவேண்டுமே, அவ்வளவுதான்.

மேல் தகட்டை வெளியே இழுத்தார். தூசி படிந்த வெறும் கண்ணாடிச் சில்லை லென்ஸுக்குக் கீழே உள்ள வட்ட மேடையில் வைத்து, மேடையைச் சுழற்றினார். தூசி வட்டத்தை விட்டே ஓடியது. சுழற்றிப் பார்த்தால்தான் நார் எந்த நாரென்று தெரியும், அது ஓடக் கூடாது. முணுமுணுத்தபடி லென்ஸின் இரு திருகுகளையும் திருகினார், ஒரு தூசி நடுவிலேயே நின்று சுழலும்வரை. சில்லை எடுத்தார். மேல் தகட்டைத் தள்ளினார், கீழ்த் தகட்டைத் திருப்பினார்.

வட்டம் கறுத்தது. துணுக்கைக் கையில் எடுத்தார்.

5
முடிவு அ: நார் பளிச்சிடுகிறது. அவர் பதறி… இதைப் பரிசுக்கு அனுப்பலாம்.

முடிவு ஆ: நார் இல்லை. கொட்டியது சுண்ணாம்பு. அவர் சொன்னதே சரி, திமிர் இரட்டிப்பு. எந்தப் பத்திரிகையும் போடாது.

ஆக, கதை தேற வேண்டுமென்றால் பிள்ளைகளின் நுரையீரல் கெட வேண்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள், நீங்களும் அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள்.

துணுக்கை அவர் வைக்குமுன் நான் நிறுத்திக்கொள்கிறேன். முடிவை நீங்களே தேர்ந்தெடுங்கள். எதுவென்று எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த வகுப்பறைக்குப் போய், பிள்ளைகள் முன்னால் நின்று சொல்லுங்கள்.