1400க்குக் கீழே

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் ராஜலிங்கம் அண்ணன் எனக்கு ஏசியது. ஏச்சு வாங்கியதற்கு நன்றி சொல்லிக் கதை எழுதும் கிறுக்கி குண்டசாலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெயர் ஷஹ்மா. கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலை. போகவர பஸ்ஸில் போனில் செஸ்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மகாவலியின் மேல் பனி படர்ந்த ஒரு காலையில், பழைய சதுரங்கப் பலகையொன்று..."

வேண்டாம். பலகையே கிடையாது. இருப்பது கண்ணாடி வெடித்த போன்.

2

இணையத்தில் ஒரு போட்டி. ரேட்டிங் புள்ளி 1400க்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். ஒரு காய் நகர்த்த மூன்று நாள் அவகாசம், ஆகவே போட்டி முடிய ஏழெட்டு மாதம் ஆகும். நான் சேரும்போது 1290.

ராஜலிங்கம் அண்ணன் கண்டி–புசல்லாவை பஸ்ஸில் கண்டக்டர். [இங்கே 'மெலிந்த தேகம்' என்று வர்ணித்திருந்தேன். அவரை நேரில் பார்த்ததே இல்லை. அடித்துவிட்டேன்.] பஸ் திருப்பி நிறுத்தும் நேரத்தில்தான் ஆடுவார். முன்பு மூன்று தடவை என்னைத் தோற்கடித்தார். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பிறகு ஒரு செய்தி வரும்: "தங்கச்சி, பதினாலாவது மூவ்ல குதிரைய மறந்துட்டீங்க. எடுத்துப் பாருங்க."

தோற்றவளைத் தேடிவந்து யார் பேசுவார்? எடுத்துப் பார்த்தேன். பார்த்துப் பார்த்தே தேறினேன். இந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அவரும் நானும் வந்து சேர்ந்தபோது என் புள்ளி 1400ஐயும் தாண்டி 1462.

அவர் ஏற்கெனவே இரண்டு தடவை இரண்டாமிடம். வென்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணப் படம் வரும், அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். ஐந்து வருடமாக அதற்காக ஆடுகிறார்.

3

இனி வெட்கக்கேடு.

கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்துகொண்டு மற்றவர் பங்கு இறைச்சியையும் அள்ளுகிறவள் போல உணர்ந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? போட்டிக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த ஐந்து ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்றேன். புள்ளி 1391க்கு இறங்கியது. அப்பாடா, மரியாதையாக நடந்துகொண்டேன் என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

மறுநாள் அவரிடமிருந்து:

"என்ன தங்கச்சி இது? அஞ்சு ஆட்டம், எட்டாவது மூவ்லயே தோத்துப் போயிருக்கீங்க?"

"உங்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாதுன்டுதான் அண்ணே. இப்ப 1400க்குக் கீழதான் ஈக்கிறேன்."

"அடக் கடவுளே! புள்ளி கூடிப்போனது குத்தமா? அரை டிக்கட்டுக்காக முட்டிய மடக்கி நிக்கிற ஆளுங்கள தெனம் பாக்குறேன். நீங்களுமா? அந்த அஞ்சு பேரும் நெசமா ஜெயிச்சோம்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்களே!"

[அரை டிக்கட்டை நான் இட்டுக்கட்டினேன் என்பீர்கள். கண்டக்டர் வேறென்ன சொல்வார்?]

முகம் எரிந்தது. மரியாதை என்று நான் நினைத்தது சுத்தக் கள்ளம்.

4

போட்டியை நடத்தும் ஸுமைராவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவர் குரல் பதிவு அனுப்பினார்:

"தொடங்கக்குள்ள கீழதானே ஈந்தீங்க, அதால இந்தப் போட்டிய முடிக்க ஏலும். அடுத்தமுறை மேல உள்ள போட்டிக்குப் போங்க. ஆனா வேணும்டு தோத்தது பெரிய பிழை. ராஜலிங்கம் ஒத்துக்கிட்டா மட்டும் ஆடுங்க. இல்லாட்டி கிண்ணம் அவருக்கு."

யோசித்துப் பாருங்கள். ஐந்து வருடக் கிண்ணம், ஒரு சொல்லில் கையில் கிடைக்கும். அவர் ஸுமைராவுக்கு எழுதிய பதிலை எனக்கும் அனுப்பினார்: "ஓசிக் கிண்ணம் வேணாம். ஆடச் சொல்லுங்க. முழுசா ஆடச் சொல்லுங்க."

பார்மசியில் யாரோ இருமல் பாணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.*

5

இப்போது ஆட்டம் இப்படி நிற்கிறது: என் குதிரை ஒரு தாவு தாவினால் அவருடைய ராஜாவையும் கோட்டையையும் ஒன்றாக மிரட்டும். ராஜா நகர வேண்டும்; கோட்டை எனக்கு. அன்று நான் மறந்தேன் என்று அவர் காட்டித் தந்த அதே தாவல்.

முடிவு ஒன்று: குதிரையைக் காணாதவள் போல வேறு காய் நகர்த்துகிறேன். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதோடு அது மறுபடியும் முட்டி மடக்குவதுதான்.

முடிவு இரண்டு: விலகிவிடுகிறேன், கிண்ணம் அவருக்கு. அதைத்தான் அவர் வேண்டாம் என்றாரே.

முடிவு மூன்று: நான் வென்று, கிண்ணத்தை அவர் காலடியில்... சீ, சினிமா.

தீர்மானிக்க முடியாமல் இரண்டு நாளாகக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். 'உங்களைப் பற்றி எழுதட்டுமா அண்ணே' என்று கேட்டேன்.

"எழுதுங்க, எழுதுங்க. ஆனா மொதல்ல காய நகத்துங்க தாயே! ரெண்டு நாளா பஸ் நிக்கிற ஒவ்வொரு ஹோல்ட்லயும் போனப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நகர்த்திவிட்டேன். குதிரை. கீழே எழுதினேன்: "அண்ணே, இந்த முறை மறக்கல்ல. நன்றி."

அவருடைய பஸ் இப்போது கம்பளையைத் தாண்டியிருக்கும். புசல்லாவையில் திருப்பி நிறுத்தியதும் பார்ப்பார். நான் காணாத ஒரு பதில் அவர் கண்ணில் படலாம். இல்லையென்றால் அவருக்கு மூன்றாவது தடவையும் இரண்டாமிடமாகலாம். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். யாரையும் முட்டி மடக்க மட்டும் வைக்காதீர்கள்.

––––
* ஒருவர் பதில்: "பரவாயில்லை, எப்படியும் வென்றிருப்பேன்." அவருக்கும் நன்றி.