குளிர வைத்த விளக்கு

ஜெகதாம்பாளுக்கு உடம்பு பெருத்துக்கொண்டே போனது. மத்தியானச் சோற்றை விட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை விரதத்தோடு வியாழக்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள். ரவிக்கைத் தையலை இரண்டு முறை பிரித்துவிட்டதுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆக்குகிறவள் பட்டினி கிடந்து ஊதுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? "பானையில பாதி பசங்களுக்கு, பாதி அம்மாவுக்கு" என்று கிணற்றடியில் சிரித்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஆடியில் இரண்டு தரம் அடுப்புக்கு முன்னாலேயே கண்ணயர்ந்து, சோற்றை அடிப்பிடிக்க விட்டாள். இன்னொரு தரம் ஆனால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். புருஷன் எத்திராஜ் செத்துப்போன பிறகு அந்த அடுப்புதான் அவளுக்குப் பிழைப்பு.

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பார்வதி, அவளை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் மேரி எடை பார்த்தாள்.

"நூத்தியெழுபது ராத்தல். ராத்திரி நல்லாத் தூங்கறியா?"

"அதுக்கின்னா நர்ஸம்மா, படுத்தா தூக்கம்தான்."

"பொய் சொல்லாத அண்ணி," என்றாள் பார்வதி. "நாலு தரம் எய்ந்து விளக்குக்கு எண்ணெ ஊத்தறே. எய்ந்தப்பல்லாம் பொட்டுக்கடலையும் வெல்லமும் தின்றே. நான் பாத்துக்கினுதான் கீறேன்."

"அப்படிச் சொல்லு. தூக்கம் கெட்டா பசி அடங்காது. பகல்ல பட்டினி கிடந்து என்ன பிரயோசனம்? மூணு வேளையும் சாப்பிடு, ராத்திரி முழுக்கத் தூங்கு. தையில வந்து காட்டு."

செத்தவருக்குப் பதினாறு நாள் வைக்கிற விளக்கை ஜெகதாம்பாள் பதினாலு மாதமாக அணையவிடவில்லை. திரும்பும்போது ஏரிக்கரையில் பார்வதி அதைக் கேட்டே விட்டாள்.

"உங்கண்ணன் ஜுரமா கெடந்தப்ப பதினோரு ராத்திரி முயிச்சினு இருந்தேன். பன்னெண்டாம் நாள், பாவி, தூங்கிட்டேன். கண்ணத் தொறந்தா விளக்கு அணைஞ்சு கீது, அவரும் இல்ல. நான் தூங்காம இருந்தா அணைஞ்சிருக்குமா?"

பார்வதி நின்றுவிட்டாள். "அதுவா அணையல அண்ணி. நான்தான் குளிர வெச்சேன்."

"இன்னாடி சொல்றே?"

"நீ செவுத்துல சாஞ்சு தூங்கிட்டே. வெளிச்சம் உன் கண்ணுல அடிச்சுது. 'பாவம், அவ தூங்கட்டும், விளக்கக் குளிர வை'ன்னு அண்ணன்தான் சொல்லிச்சு. அதுக்கப்புறம் அது பேசவேயில்ல. நீ விளக்கச் சொல்லிச் சொல்லி அய்தப்ப, நான் அணைச்சதாலதான் அண்ணன் போச்சுன்னு என் தலையில பயி வுயுமோன்னு பயந்துட்டேன்."

ஜெகதாம்பாள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பதினாலு மாசமாடி? என் ஒடம்பப் பாருடி!" என்று பார்வதியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்று சாப்பிட்டுப் பாயை விரித்ததும், "பார்வதி, உங்கண்ணன் சொன்னதச் செய்" என்றாள். பார்வதி ஒரு பூவால் விளக்கைக் குளிர வைத்தாள். முதல் சில நாட்கள் பழக்கத்தில் விழிப்பு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் கண் விழித்தபோது வாசலில் வெயில் ஏறியிருந்தது. புடவையை அள்ளிச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பார்வதி அடுப்பு மூட்டி, அரிசி களைந்து வைத்திருந்தாள்.

தையில் மேரி எடைமுள்ளை இரண்டு தரம் பார்த்தாள். "நூத்தியம்பத்தெட்டு! மூணு வேளையும் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் நர்ஸம்மா. சோறும் அடிப்பிடிக்கல."