வேலியோரத்து வல்லாரை

வல்லாரைக் கொடிகள் கிள்ளப்பட்டிருந்தன. வேலியோரமாகக் குனிந்து பார்த்த ருஷ்தா, நகத்தால் நறுக்கிய காம்புகளில் இன்னும் ஈரம் நிற்பதைக் கண்டாள். பறித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தொலைபேசியைத் திறந்தாள். நேற்று மாலை பக்கத்து வீட்டுத் தவமணி டீச்சருக்கு அனுப்பிய செய்திக்குக் கீழே இப்போதும் ஒற்றைச் சரி அடையாளம்தான். போய்ச் சேரவில்லை.

கெலிஓயாவில் ருஷ்தாவின் வீட்டுப் பின்புறம் சரிந்து இறங்கும் சிறு துண்டு நிலம் அது. போஞ்சியையும் கறிமிளகாயையும் கோரைப்புல் மூடிக்கொண்டே வந்தது. பிடுங்கப் பிடுங்க, மண்ணுக்குள் அறுந்து நின்ற கிழங்குகள் ஒன்றுக்கு மூன்றாக முளைத்தன. "காம்பஸ் போய் மரம் செடியெல்லாம் படிச்ச புள்ள, ஒரு புல்லப் புடுங்க ஏலாம நிக்கிது" என்று உம்மா சிரிப்பார். பட்டம் வாங்கி இரண்டு வருடமாக வீட்டில் இருப்பவளுக்கு அது வெறும் பகிடியாகப் படவில்லை. நேற்று உம்மா வத்தேகமவில் சாச்சி வீட்டுக்குப் போனதும், கடையில் களைநாசினிப் போத்தல் ஒன்றை வாங்கி வந்தாள். அளவு பார்த்துக் கலந்து, வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு அடித்தாள். கடைசிப் பாத்தியில் காற்றுத் திரும்பியது. வேலியோரத்து வல்லாரையும் பொன்னாங்காணியும் நனைந்தன.

அந்தக் கீரையை யாரும் நடவில்லை. அதனால் யாரும் கேட்டுப் பறிப்பதுமில்லை. காலையில் டீச்சர் கம்பிக்குள் கையை நுழைத்துக் கிள்ளிக்கொண்டு போவார். "உங்கடை களை, எங்கடை கஞ்சி" என்பார். பறிக்க வேண்டாம் என்று ஒருவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. சொன்னால் ஒரு பிடி இலைக்குக் கணக்குப் பார்ப்பதுபோல இருக்கும். அதோடு நேற்று அங்கே கொழும்பிலிருந்து மகள் பிரியாந்தினியும் மருமகனும் வந்திருந்தார்கள். பிரியாந்தினிக்கு வயிற்றில் ஏழு மாதம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் வீட்டு வாசல் படலைக்கு இருபது அடி. ருஷ்தா நின்ற இடத்திலேயே நின்று, மூன்று தடவை எழுதி அழித்து, கீரை பறிக்க வேண்டாமென்று ஒரு செய்தியை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அந்த இருபது அடியை நடந்தாள்.

"வாரும் பிள்ளை" என்றார் டீச்சர், குசினி வாசலில் நின்று. "என்ன முகம் இப்பிடிக் கிடக்கு? திரும்பவும் புல்லோடை சண்டையோ? இரும், கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்."

பிரியாந்தினி கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கோப்பை. பச்சைக் கஞ்சி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஒரு பிடி இலை. கலந்த அளவு இவ்வளவு, அதில் பட்டது இவ்வளவு. ருஷ்தாவின் மனம் தானாகவே கணக்குப் போட்டது. ஒன்றும் நடக்காமல் போகலாம். இலை மஞ்சளாக ஒரு கிழமையாவது ஆகும். அதுவரை யாருக்கும் தெரியாது. போய்ச் சேராத செய்தியை அழித்துவிட்டால் அதற்குப் பிறகும் தெரியாது. கணக்கு அவ்வளவு நேர்த்தியாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அவள் எந்தக் கணக்கும் படித்திருக்கவில்லை.

"அதக் குடிக்காதீங்க" என்றாள். "நேத்துப் பின்னேரம் களைக்கு மருந்து அடிச்சேன். கீரையிலயும் பட்டுட்டு."

பிரியாந்தினி கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள். மற்றக் கை வயிற்றின் மேல் போயிருந்தது.

"மூண்டு தண்ணியிலை கழுவினனான்" என்றார் டீச்சர். குரல் ஒரே சீராக இருந்தது. "கழுவினாப் போயிடுமெல்லோ? நீர் படிச்சனீர், சொல்லும்."

"போகாது டீச்சர். இலைக்குள்ள இறங்குற மருந்து."

"அப்ப ஏன் நேற்றே வந்து சொல்லேல்லை?"

"மெசேஜ் போட்டேன்."

டீச்சர் மேசையில் அணைந்து கிடந்த தன் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மருமகனைக் கூப்பிட்டார்.

முச்சக்கரவண்டி வருவதற்குள் ருஷ்தா ஓடிப்போய்ப் போத்தலை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் எந்த மருந்து என்று கேட்பார்கள். டீச்சர் அதைப் பைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி பேராதனைப் பக்கம் திரும்பியது.

அவள் வேலிக்குத் திரும்பி வந்தாள். வல்லாரை நேற்றுப் போலவே தளதளவென்று நின்றது. ஒரு இலைகூட நிறம் மாறவில்லை. கையில் தொலைபேசி அதிர்ந்தது, அழைத்தது உம்மா. எடுக்கவில்லை. அது ஓய்ந்த பிறகு நேற்றைய செய்தியைத் திறந்தாள். ஒற்றைச் சரி இரண்டாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின.