நாகப்பன் சொன்ன கரை

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பொன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் அவளுடைய அண்ணன் திருவேங்கடம். பெட்டிக்குள் கிடந்த நாகப்பனுக்கு மைத்துனர், சீட்டாட்டக் கூட்டாளி. பந்தலின் வலப் பக்கம், ஒழுகாத இடமாகப் பார்த்து, மூத்த மகன் உதயகுமாரும் அவனைச் சேர்ந்தவர்களும். இடப் பக்கம், ஒழுகினாலும் பரவாயில்லை, அண்ணனோடு உட்கார மாட்டேன் என்று, இளைய மகன் பாஸ்கரனும் அவனைச் சேர்ந்தவர்களும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போட்ட ஒற்றை நாற்காலியில், கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவளைப் போல, மகள் கனிமொழி.

"இன்னொரு தபா சொல்லு," என்றான் உதயகுமார். "நைனா இன்னா சொன்னாரு?"

"கரைன்னாரு."

"அவ்ளோதானா?"

"கரை, கரைன்னாரு. அப்பால மூச்சு நின்னுபோச்சு. எத்தினி வாட்டிண்ணா கேப்ப?"

விடியற்காலையில் நாகப்பனின் உயிர் போனபோது பக்கத்தில் இருந்தவள் கனிமொழி ஒருத்திதான். அதனால் அந்தச் சொல்லுக்கு அவளே பொறுப்பாகிவிட்டாள். வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதபோது, அதை வைத்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் மல்லுக்கு நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உதயகுமாருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருப்பது சித்தேரி. அதன் மண் கரைமேல் பனைமரத்தடியில் உட்கார்ந்துதான் நாகப்பன் பொழுதெல்லாம் சீட்டு ஆடினார். கரை என்றால் அந்தக் கரைதான். அங்கேயே புதைக்க வேண்டும்.

பாஸ்கரன் அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கிப் போனதிலிருந்து எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பவன். "கரைன்னா கரைக்கிறது. எரிச்சு, சாம்பல கடல்ல கரைங்கடான்னு சொல்லிகிறாரு. இதுகூடவா புரியல?"

"நம்ம ஜனத்துல யாருடா எரிச்சாங்க?"

"அதனாலதான் நைனா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போயிருக்காரு."

"ரெண்டும் இல்ல," என்றாள் பொன்னியம்மா, பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "கூழு கரைன்னு கேட்டாரு. கட்டிகினு வந்த நாள்லேர்ந்து கண்ணு முழிச்சதும் அதான் கேப்பாரு. சும்மா கத்தாதீங்க, அவருக்குக் கத்துனா புடிக்காது."

எல்லாரும் கனிமொழியைப் பார்த்தார்கள். அவள் இன்னது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதன்படி தூக்கிவிடலாம். சொல்லாவிட்டால் இருட்டும் வரை இப்படியே கிடப்பார். தப்பாகச் சொல்லிவிட்டால், அப்பா கேட்ட கடைசிக் காரியத்தைக் கெடுத்தவள் அவளாகத்தான் இருப்பாள். அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. ஐஸ் பெட்டி முனகிவிட்டு அடங்கியது.

"அவருக்கு வேர்க்குமே," என்றாள் பொன்னியம்மா.

ரோஜா மாலையோடு ஸ்ரீநாத் வந்தது அப்போதுதான். அவர் 'லேக் வியூ' குடியிருப்போர் சங்கச் செயலாளர். பெயர்தான் லேக் வியூ. கரைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் கட்டிய கட்டடம். மேல்மாடிக்காரர்களுக்கு மட்டும் தண்ணீர் தெரியும், மற்றவர்களுக்கு ஜன்னலைத் திறந்தால் கரையின் முதுகுதான். ஏரியை நம்பி இப்போது வயல் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து இறங்கி வருகிற வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கலங்கல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதுதான் அதற்கு மிச்சமிருந்த வேலை. இந்த வாரம் பெய்த மழையில் கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை தண்ணீர் நின்றது.

ஸ்ரீநாத் மாலையைப் போட்டு, கும்பிட்டு, எங்கே அடக்கம் என்று மரியாதைக்குக் கேட்டார்.

"கரை மேலதான் சார்," என்றான் உதயகுமார்.

ஸ்ரீநாத்தின் முகம் மாறிவிட்டது. "கரையிலயா? ஆறடிக்குத் தோண்டுவீங்களா?"

"பின்ன, மேலாக்க வெச்சு மண்ணத் தூவுவாங்களா?"

"சார், ஏரி ரொம்பி நிக்குது. இப்பப் போயி கரையில குழி வெட்டுனா நேரா எங்க கார் பார்க்கிங்லதான் சார் வந்து எறங்கும்."

"தண்ணி போற வழியில குந்திகினு தண்ணி வர்துன்னா இன்னா சார் பண்றது?" என்றார் திருவேங்கடம். "அது கலங்கல் வாய்க்கா. நாங்க குளிச்ச எடம். இப்போ நீங்க கார கழுவுறீங்க."

"அங்கிள், இப்ப அதப் பேசுற நேரமா? ஜெனரேட்டர் லைன் இழுத்துத் தரேன், அய்யா பெட்டி ஓடட்டும். கரைய மட்டும் விட்டுருங்க."

உதயகுமார் யோசிப்பதுபோல் நின்றான். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. குழி வெட்டும் ஆட்களை அவன் யாருக்கும் தெரியாமல் எப்போதோ கரைக்கு அனுப்பியிருந்தான். அவர்களில் ஒருவர் இப்போது மண்வெட்டியும் கையுமாக, முழங்கால் வரை சேறாக, தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தார்.

"அண்ணாத்தே, பனமரத்தாண்ட ரெண்டு வெட்டுதான் வெட்டனேன். மண்ணு கூழாட்டம் வர்து. நான் வெட்டி வந்தது இல்ல, உள்ளாறயே ஊறிகினு கீது. கரை கரையுது அண்ணாத்தே."

பந்தலின் தார்ப்பாய் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கனிமொழி நாற்காலியிலிருந்து எழுந்தாள். கரை, கரை. இரண்டு தடவை சொன்னார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு தடவையே சொல்லி, இரண்டாவது சொல்லைக் 'கரையுது' என்று முடிக்க மூச்சு இல்லாமல் போயிருக்கலாம்.

"படுத்த படுக்கையா கெடந்தவருக்கு எப்டித் தெரியும்?" என்றார் திருவேங்கடம் மெதுவாக.

"கூழுதான் கேட்டாரு," என்றாள் பொன்னியம்மா. ஆனால் முன்போல அழுத்திச் சொல்லவில்லை.

"எதக் கேட்டாரோ," என்றாள் கனிமொழி. "இப்போ அதப் போய்ப் பாருங்க. வாண்ணா. பாஸ்கரா, நீயும் வா."

அதன்பிறகு நடந்ததை அந்தத் தெரு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சமையல்காரரின் அரிசிச் சாக்குகள் காலியாயின. பந்தல் மேல் போட்டிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக் கரைமேல் போர்த்தினார்கள். மேளக்காரர்கள் மேளத்தை வைத்துவிட்டு மூட்டை தூக்கினார்கள். லேக் வியூவிலிருந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் காதில் மாட்டியதைக் கழற்றாமல் வந்து மண் சுமந்தார்கள். ஒருவர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே, தன் பக்கத்தில் வேலை முடிந்துவிட்டது, டெஸ்டிங்தான் பாக்கி என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். எந்த மூட்டையை எங்கே அடுக்குவது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள். ஆனால் ஒரே மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு போட்டார்கள்.

இதற்கிடையே, கரையில் புதைக்கவும் முடியாது, எரிக்க எடுத்துப்போகும் வழியில் இடுப்பளவு தண்ணீர் என்றானதால், கரை முடிகிற மேட்டில் இருந்த பழைய இடுகாட்டிலேயே குழி வெட்டினார்கள். வெட்ட வெட்ட நல்ல கெட்டிச் செம்மண் வந்தது. பக்கத்தில் இப்படி ஒரு மண் கிடைக்கும்போது யார் விடுவார்கள்? குழிக்கு மேலே வந்த மண்ணெல்லாம் நேராகச் சாக்குக்குள் போயிற்று.

பொழுது சாய்வதற்குள் கசிவு நின்றது. நாகப்பனைத் தூக்கி வந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே கரைமேல்தான் நின்றார்கள், இடுகாடு கண்ணெதிரே கிடந்தது, திரும்பிப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பொன்னியம்மாவையும் யாரோ கைபிடித்து மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

குழியில் இறக்கினார்கள். மூன்று பிடி மண் போட மகன்கள் குனிந்தார்கள். குனிந்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிடி மண் இல்லை. குழியைச் சுற்றித் துடைத்துவிட்டதுபோல இருந்தது.

"மச்சான மூடறதுக்கு மண்ணு எங்கடா?" என்றார் திருவேங்கடம்.

எல்லாத் தலையும் கரைப் பக்கம் திரும்பியது.

"நாலு மூட்ட எடுத்தாந்தா ஆச்சு," என்றான் உதயகுமார்.

"சார், வேண்டாம் சார்," என்று ஸ்ரீநாத் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே நிமிஷம். எங்ககிட்ட மண் இருக்கு."

லேக் வியூக்காரர்கள் மொட்டைமாடித் தோட்டத்துக்கு வாங்கி, மாடியேற்ற யாரும் வராமல் கிடந்த பைகள் ட்ராலியில் வந்து இறங்கின. பாஸ்கரன் ஒரு பையைக் கிழித்தான். கறுப்பாக, புட்டுமாவு போலப் பொலபொலவென்று இருந்தது. பையின்மேல் தக்காளிப் படம்.

"தென்னை நார், வேப்பம்புண்ணாக்கு, மண்புழு உரம் எல்லாம் கலந்தது," என்றார் ஸ்ரீநாத், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

திருவேங்கடம் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "மச்சான் மொளச்சு வந்துடப்போறாரு," என்றார்.

முதலில் சிரித்தது பொன்னியம்மாதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று, தோளைப் பிடித்துக்கொண்டிருந்த கனிமொழிக்கே தெரியவில்லை.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் கனிமொழி கூடத்தில் உட்கார்ந்து, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அரசுப் பொறியாளருக்கு மனு எழுதினாள். சாக்கு மூட்டை எத்தனை நாள் தாங்கும்? அடுத்த மழைக்குள் கரையை இடித்துக் கட்டியாக வேண்டும். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை பிசகாமல் போட்டாள். கசிவு கண்ட இடம், அது பெருகினால் மூழ்கப்போகும் தெருக்கள், கீழே இருக்கும் குடியிருப்பு என்று ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக எழுதினாள். உதயகுமார் கையெழுத்துப் போட்டான். பாஸ்கரன் அதற்குப் பக்கத்திலேயே போட்டான். ஸ்ரீநாத் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப்போடு வந்து குத்தினார். கசிவைக் கண்டுபிடித்தது யார் என்ற இடத்தில் மட்டும் அவள் பேனா சற்று நின்றது. பிறகு 'எங்கள் வீட்டார்' என்று எழுதினாள்.

உதயகுமார் எட்டிப் பார்த்து, அனுப்புநர் பகுதியில் விரலை வைத்தான். "நாகப்பன் மகள்னு சும்மா எழுதிகிற. முன்னாடி லேட்டுன்னு போடணும்மா. கவர்மெண்ட்டுக்குப் போறது."

"போடலாம்ணா," என்றாள் கனிமொழி.

பேனாவை மூடிவிட்டு, காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பசை தேடினாள்; கிடைக்கவில்லை. படையல் இலையிலிருந்து நாலு பருக்கை சோற்றை எடுத்து, உறையின் மடிப்பில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, ஓரம் முழுக்க இழுத்துத் தேய்த்து ஒட்டினாள். தபால் நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்து, இன்னும் காயாத ஓரத்தைத் தன் விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, முத்திரை குத்திப் பையில் போட்டாள்.