யார் கேட்டாலும் ஒன்று

சொக்குப்பொடி என்ற பெயரில் வீடியோ போடும் அந்த இளைஞனை வீட்டில் 'பொடி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருடம் முன்புவரை பிறந்தநாள் வீடுகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் மேஜிக் காட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் படுக்கையறை மேஜைமேல் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, எதிரே போனை நிறுத்தி வைத்தான். கைதட்டலுக்குப் பதில் எண்கள் வரத் தொடங்கின. மேடைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அவன் செய்வான், அக்கா படம் பிடிப்பாள், வெட்டி ஒட்டுவாள், சத்தம் சேர்ப்பாள். வீடியோ போட்ட முதல் நாள் வருகிற ஒவ்வொரு கமெண்டுக்கும் ஒரு சிவப்பு இதயம் போடுவதும் அவள் வேலை. கமெண்டுகளைக் கவனிக்கிற வீடியோவைத்தான் ஆப் நிறையப் பேர் கண்ணில் காட்டும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. எல்லாவற்றையும் வாசிக்க நேரம் கிடையாது. பல் தேய்த்தபடியே அவள் கட்டைவிரல் இதயங்களைத் தட்டிக்கொண்டு போகும்.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு அந்தக் கட்டைவிரல் நின்றது.

"பொடி, இங்க வா. இதைப் படி."

"திட்டியிருக்காங்களா?"

"வான்னா வாடா."

'என் பொண்ணு நீங்க பண்ணின மாதிரி முழுங்கிட்டா. ஆஸ்பத்திரியில இருக்கோம். தயவுசெஞ்சு கூப்பிடுங்க.' கீழே ஒரு போன் நம்பர். பதினொன்று நாற்பதுக்கு எழுதப்பட்டது. அதன் பக்கத்தில் இதயம் ஏற்கெனவே இருந்தது.

"நான்தான் போட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "பாக்கவே இல்ல."

"விளையாடறாங்களோ? போன மாசம் ஒருத்தன் மயங்கி விழுந்துட்டேன்னு எழுதினானே."

"அவன் நம்பர் குடுக்கலையேடா."

முந்தின நாள் சாயங்காலம் போட்ட வீடியோ அது. நாற்பது விநாடி. மிளகு அளவில் பளபளக்கும் ஐந்து மணிகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டு விழுங்கி, காது வழியாக எடுப்பான். மணிகள் எதுவும் வாய்க்குப் போவதில்லை. அவை காந்தம், சட்டைக் கைமடிப்புக்குள் தைத்திருக்கும் இரும்புத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். மிட்டாயில் செய்து பார்த்தபோது உருண்டு மடியில் விழுந்தது. காந்தம் சுத்தமாக வேலை செய்தது, அவ்வளவுதான். 'க்ளக்' என்ற விழுங்கும் சத்தம் அக்கா சேர்த்தது. கடைசி மணி தகட்டில் ஒட்ட மூன்று விநாடி வேண்டும். அந்த மூன்று விநாடி பார்ப்பவர்களின் கண் வேறெங்காவது இருக்க வேண்டும். அதற்காக இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்து ஒரு வாக்கியம் சொன்னான். அந்த நேரத்தில் வாயில் வந்த வாக்கியம்தான்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டான். எடுத்தவள் ஒரு பெண். பின்னால் யாரோ வரிசை எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதானா அது?" குரல் கம்மியிருந்தது. "உங்க குரல் எனக்குத் தெரியும். நேத்து ராத்திரிலேர்ந்து அதே வீடியோதான் ஓடிச்சு எங்க வீட்டுல."

"பாப்பா எப்படி இருக்காங்க?"

"வயித்துவலின்னு ஸ்கூல்லேர்ந்து அனுப்பிட்டாங்க. வந்து சோபாவுல உக்காந்தவ, உள்ளங்கையைக் காதுக்குக் கீழ ஏந்திட்டே இருக்கா. என்னடின்னு கேட்டா, இப்ப வந்துடும்மாங்கறா. பொம்மை செட்டுல இருந்த காந்த மணியாம்."

பொடி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"எத்தனை?"

"ஒண்ணு. எக்ஸ்ரே படமும் எடுத்துப் பாத்தாச்சு, ஒரு சின்ன உருண்டை மாதிரி தெரியுது. ஒண்ணுன்னா தானா வெளிய வந்துடும், வீட்டுக்குப் போங்கங்கறார் டாக்டர். ரெண்டு மூணா இருந்தா கதையே வேறயாம். குடலோட ஒரு மடிப்புல ஒண்ணு, இன்னொரு மடிப்புல ஒண்ணு இருந்தா, நடுவுல குடலை வச்சுக்கிட்டு ஒண்ணையொண்ணு இழுத்து ஓட்டை போட்டுடுமாம். அந்த செட்டுல பாதி எப்பவோ தொலைஞ்சாச்சு, எண்ணியும் பாக்க முடியல. ஆனா நீங்க வீடியோவுல அஞ்சு முழுங்கினீங்க. அதான் உங்களைக் கேக்கணும்னு தோணிச்சு. அவ ஏன் ஒண்ணோட நிறுத்தினா?"

அவனுக்குப் பதில் தெரிந்தது. அக்கா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் அவனே விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சிரித்தான்: "யார் கேட்டாலும் ஒண்ணுன்னுதான் சொல்லணும். கணக்கை வெளிய சொல்லிட்டா, காது வழியா வராது."

அந்தப் பக்கம் அவளுக்கும் அது கேட்டது.

"டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க, வீட்டுக்குப் போகாதீங்க" என்றான் பொடி. "பாப்பாகிட்ட நான் பேசறேன். வீடியோல வாங்க."

திரையில் வந்தது ஆறு வயதுச் சிறுமி. பள்ளிச் சீருடை, நெற்றியில் வியர்வை. ஒரு கை வயிற்றில், இன்னொரு கை காதுக்குக் கீழே. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பாப்பா, எத்தனை முழுங்கினீங்க?"

"ஒண்ணு."

"என்கிட்ட நிஜத்தைச் சொல்லலாம்மா."

"நீங்கதானே யார் கேட்டாலும்னு சொன்னீங்க." அவள் கண்ணைச் சிமிட்டினாள். "என்னை டெஸ்ட் பண்றீங்க."

"இல்லடா கண்ணு. அது சும்மா. நான் ஒண்ணுகூட முழுங்கல. இங்க பாரு." கைமடிப்பைப் பிரித்துத் தகட்டைக் காட்டினான். மணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"ஐ," என்றாள் சிறுமி. "காதுலேர்ந்து சட்டைக்கு எப்படிப் போச்சு?"

"போகவே இல்லம்மா. வாய்க்குள்ளயே போகல."

"இது புது மேஜிக்" என்று அவள் அம்மாவுக்கு விளக்கினாள்.

தாய் மிரட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கேட்கக் கேட்க அந்தச் சின்ன உதடுகள் இறுகிக்கொண்டு வந்தன. பக்கத்தில் ஒரு ஆண்குரல், டாக்டராக இருக்க வேண்டும், "இன்னொரு பக்கத்துலேர்ந்து படம் எடுக்கலாம். அங்க வரிசை ஒரு மணி நேரம்" என்றது. சிறுமி சட்டென்று குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. காதுக்கடியில் ஏந்திய கையை மட்டும் எடுக்கவில்லை.

எந்த உண்மையைச் சொன்னாலும் அவளுக்கு அது அடுத்த வித்தை. இத்தனை நாள் அவன் பாடுபட்டதெல்லாம் இதற்குத்தான்: அவன் கையில் எது இருந்தாலும் அது ஏதோ செய்யப்போகிறது என்று ஒரு குழந்தை நம்ப வேண்டும். நம்பியாகிவிட்டது.

"சட்டையைக் கழட்டுடா" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "தகடு இல்லாம பண்ணு. விழட்டும்."

பனியனோடு உட்கார்ந்தான். முதல் மணியை வாய்வரை கொண்டுபோய், தகடு இருந்த இடத்துக்குக் கையை வழக்கம்போலத் திருப்பினான். மணி மணிக்கட்டில் பட்டு வெல்வெட்டில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது உருண்டு தரைக்கே போனது. அக்கா முழங்காலிட்டுத் தேடினாள்.

"அச்சச்சோ" என்றாள் சிறுமி.

மறுபடி செய்தான். மறுபடி விழுந்தது. கேமராவுக்கு முன்னால் அவன் தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை. தப்பானதையெல்லாம் அக்கா வெட்டிவிடுவாள். கண்ணிலிருந்து நீர் வழிவதை அவன் கவனிக்கவில்லை.

"உங்களுக்கு வரல" என்றாள் சிறுமி, ஆச்சரியமாக.

"வராதும்மா. எனக்கு எப்பவுமே வராது."

"நிஜமாவே முழுங்கத் தெரியாதா?"

"தெரியாது. பயம்."

சிறுமி யோசித்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு பெருமிதம் வந்தது. வகுப்பில் தனக்கு மட்டும் விடை தெரிந்த பிள்ளையின் முகம்.

"எனக்குத் தெரியுமே. நான் நிஜமாவே முழுங்கினேன். தண்ணிகூடக் குடிக்கல."

"நீதான் கெட்டிக்காரி. நீ ஜெயிச்சுட்டே. எத்தனைன்னு சொல்லு, நான் எழுதி வச்சுக்கறேன்."

"வீட்டுல மூணு." விரலை விரித்துக் காட்டினாள். "அப்புறம் ஸ்கூல்ல இன்டர்வெல்ல ரெண்டு."

திரை கவிழ்ந்து கூரை விளக்கு தெரிந்தது. டாக்டரின் குரல் மாறியிருந்தது. யாரிடமோ சுருக்கமாக, வேகமாகப் பேசினார். "வேற வேற நேரத்துல" என்ற வார்த்தைகள் மட்டும் பிடிபட்டன. பிறகு தொடர்பு அறுந்தது.

அக்கா வீடியோவை நீக்கிவிட்டாள். ஆனால் வேறு பத்துப் பேர் அதைத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒருவர் 'க்ளக்' சத்தத்தை மட்டும் தனியாக எடுத்துப் ஒரு பூனை வீடியோவுக்குப் பொருத்தியிருந்தார். பொடி பனியனோடு அப்படியே உட்கார்ந்து, நடந்ததை ஒரே மூச்சில் பேசிப் போட்டான். தகட்டைக் காட்டினான், இதை யாரும் செய்யாதீர்கள் என்றான். முதல் கமெண்ட் இரண்டே நிமிஷத்தில் வந்தது. 'அழுகை செம நடிப்பு ப்ரோ.' அடுத்தது: 'இதுல ட்விஸ்ட் எங்க?'

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தார்கள். அடித்ததெல்லாம் வேறு யாரோ.

ஏழு மணிக்கு அந்த நம்பர் வந்தது.

"எடுத்துட்டாங்க" என்றாள் தாய். "ரெண்டு இடத்துல ஓட்டை. தைச்சிருக்காங்க. கண்ணு முழிச்சுட்டா. இன்னும் நாலஞ்சு நாள் பாக்கணுமாம்."

பொடி வாயைத் திறந்தான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மன்னிப்புக் கேக்கறதுன்னா அப்புறம் கேளுங்க, இப்ப எனக்குத் தெம்பில்ல. அஞ்சு இல்ல, ஆறு இருந்துச்சு. நேத்து உங்க வீடியோ பாத்த உடனே ஒண்ணு போட்டுப் பாத்திருக்கா. அது அவளுக்கே மறந்துபோச்சு, முழிச்சப்புறம்தான் ஞாபகம் வந்து சொன்னா." மூச்சு வாங்கினாள். "அந்த வீடியோவை எத்தனை பேர் பாத்திருப்பாங்க?"

அவனுக்கு அந்த எண் மனப்பாடம். காலையிலிருந்து அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீக்கறதுக்கு முன்னால, எட்டு லட்சங்க."

"அதுல சின்னப் பசங்க எத்தனை?"

அக்கா சுவரோடு சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்க" என்றான். "அதைத் தெரிஞ்சுக்க வழியே இல்லங்க."

அந்தப் பக்கம் அவள் போனை வைக்கவில்லை. இவனுக்கும் வைக்கத் துணிவு வரவில்லை. ஆஸ்பத்திரியில் வரிசை எண்களைக் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. யாரோ ஒரு குழந்தை அழுதது. அது அந்தச் சிறுமியா, வேறு குழந்தையா என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.