கொழுந்தனின் வாய்ப்பொடி

டீச்சரின் கன்னத்துக்குள் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள் படர்ந்திருந்தன. தண்ணீர் பட்டாலே எரிந்தது. மருந்துக்கடை வைத்திருந்த கொழுந்தன், "டாக்டரெல்லாம் எதுக்கு அண்ணி? நம்ம பொடி இருக்கே" என்று தானே அரைத்ததைக் கொடுத்தான். தேய்த்ததும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் அழுதபோது, "அண்ணிக்கு நாடகம் நல்லா வருது" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தான். அதை அவள் மறக்கவில்லை.

பிறகு அவள் போய்க் காட்டிய பல் டாக்டர் கன்னத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சொன்னார்:

"இதுக்கு லைக்கன் பிளேனஸ்னு பேரு. அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம். இந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவுங்க. கேக்கலைன்னா மாத்திரை இருக்கு. அப்பப்போ வந்து காட்டிட்டுப் போகணும். அந்தப் பொடியைத் தொடவே தொடாதீங்க."

எரிச்சல் தணிந்ததும், கூட்டமான நேரம் பார்த்துக் கொழுந்தனின் கடைக்குப் போனாள். ஒரு பொடி டப்பாவைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே தேய்ச்சுக் காட்டுங்க தம்பி. இவங்களும் பாத்துக்கட்டும்."

வாங்க வந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு சிட்டிகை எடுத்து ஈறில் வைத்தான். மறுநொடியே கண்ணில் நீர் முட்ட, குழாயடிக்கு ஓடினான்.

கையில் டப்பாவோடு நின்ற பெண் அதைச் சத்தமில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்தாள். அவன் கொப்பளித்து முடிக்கும்வரை டீச்சர் அங்கேயே நின்றாள். ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள்.